சித்தியின் இரும்பு உண்டியல்

கோபம் வந்துவிட்டால் சித்திக்கு வாய் முன்னால் ஓடும். அது எங்கெங்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததோ, அங்கெல்லாம் கை பின்னாலேயே போய் வேலை செய்ய வேண்டியிருக்கும். இரும்பு உண்டியல் விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

டீக்கடை வாசலில் தெருக்காரர்கள் கூடி நின்று, ஞாயிற்றுக்கிழமை வசூலை எப்படி நடத்துவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வசூல் லாண்ட்ரிக்காரர் மகளுக்காக. ஆறு வயதுக் குழந்தை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் தெரு முழுக்க அவளை ஏனுக்குட்டி என்றுதான் கூப்பிடும். பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. தானாக மூடிக்கொள்ளும் என்று முதலில் சொன்னார்கள். எங்கே மூடியது? இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விளையாடப் போனால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். இனித் தள்ளிப்போடக் கூடாது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். கடன் வாங்கியும் நகையை விற்றும் பாதிப் பணத்தைக் கட்டியாகிவிட்டது. மீதியை ஞாயிறு மாலை ஆஸ்பத்திரிக் கவுண்டர் மூடுவதற்குள் கட்டினால் மறுநாள் காலை ஆபரேஷன். கட்டாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். மறுபடி இவள் முறை எப்போது வரும், அதுவரை அந்தச் சின்ன இதயம் தாங்குமா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

"அதான் தெருவையே திறந்து விடுறோம்" என்றார் கண்டக்டர். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பையையும் சீருடையையும் ஒப்படைத்துவிட்டு விசிலை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டவர் அவர். "அவங்கவங்க தொழிலை அவங்கவங்க வாசல்ல செய்யுங்க. சலூன்காரர் முடி வெட்டட்டும், தையக்காரம்மா கிழிசல் தைக்கட்டும், சைக்கிள் கடைல பஞ்சர் ஒட்டட்டும். வர்றவங்க மனசுக்குப் பட்டதைப் போடட்டும். ஆனா காசை யாரும் கையில வாங்கக் கூடாது. நேரா உண்டியலுக்கு. ரைட்டா?"

"ரைட்டு. அந்த உண்டியல் யார் வீட்ல இருக்கும்?" என்று கேட்டார் சலூன்காரர்.

அவ்வளவுதான், எல்லோரும் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். போன வருஷம் தெரு விளக்குக்காக வசூலித்த தகர டப்பா, கண்டக்டர் வீட்டு அலமாரியிலிருந்து கால் முளைத்து எங்கோ நடந்து போய்விட்டது. விளக்கும் வரவில்லை, டப்பாவும் வரவில்லை.

"நான் எடுத்தேன்னு சொல்றியா?" என்றார் கண்டக்டர். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"நான் எங்க சொன்னேன்? தகர டப்பாவை யார் வேணா தூக்கிட்டுப் போகலாம்னுதான் சொல்றேன்."

"சுத்தி வளைச்சு அதைத்தானேய்யா சொல்ற!"

இந்த இடத்தில்தான் சித்தி வாயைத் திறந்தாள். ஏனுக்குட்டியின் அம்மாவுக்குக் கூடப் பிறந்த தங்கை. தெருக்கோடியில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறாள். கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி, வண்டியின் பெட்ரோல் டேங்க் என்று எது உடைந்தாலும் அவளிடம்தான் வரும். குழந்தை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைச் சித்தி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! அங்க குழந்தை மூச்சு வாங்கிட்டுக் கிடக்கு, இங்க டப்பாவுக்குப் பஞ்சாயத்து நடக்குது. உண்டியல் நான் செய்யுறேன். யானை ஏறி மிதிச்சாலும் நசுங்காது. கவுத்தாலும் காசு வராது, கம்பி விட்டாலும் வராது. ஒரே சாவி. அதையும் ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும்தான் திறக்கிறோம். போதுமா?"

போதும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தி அந்தக் குரலில் பேசினால் வேறெதையும் ஆட்ட முடியாது.

ஆனால் ஒரு தலை மட்டும் ஆடவில்லை. லாண்ட்ரிக்குள் துணி தேய்த்துக்கொண்டிருந்த அத்தானின், அதாவது ஏனுக்குட்டி அப்பாவின் தலை. சித்தி போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என் பிள்ளைக்காக நான் தெருவுல கையேந்தணுமா?"

"நீங்க ஏந்த வேணாம் அத்தான். நான் ஏந்துறேன். எனக்குக் கை காச்சுப் போச்சு, ஒண்ணும் உறைக்காது."

"இத்தனை வருஷமா இந்தத் தெருவுல ஒருத்தர்கிட்டயும் ஓசி டீ கூடக் குடிச்சதில்ல. நாளைக்கு எவன் மூஞ்சில முழிப்பேன்? நடத்துறதுன்னா நடத்திக்கோ. என்னை வாசலுக்குக் கூப்பிடாதே."

"நம்ம வீட்டு விஷயத்துல இப்பவா வீம்பு?" என்று சித்தி எகிறினாள். அக்கா நடுவில் வந்து தங்கையின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். "விடுடி. ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்காரு. அவர் வலி அவருக்கு" என்றாள். சித்தி வாயை மூடிக்கொண்டாள். அக்கா சொன்னால் மட்டும் அவளுக்குக் கேட்கும்.

சனிக்கிழமை மதியம் பட்டறையில் உண்டியல் வேலை தொடங்கியது. பழைய தொட்டி ஒன்றின் கனமான தகடுகளை அறுத்து, நாலு பக்கமும் அடியும் சேர்த்துப் பற்றவைத்தாள். மேலே ஒரு மூடி. மூடியில் நோட்டு நுழைகிற அளவுக்கு நீளமாக ஒரு வாய், அதற்குக் கீழே உள்பக்கமாகச் சரிவாக ஒரு தகடு. போட்டது போட்டதுதான், திரும்ப வராது. மூடிக்கு ஒரு பக்கம் கீல். எதிர்ப்பக்கம் பூட்டு மாட்டக் கொண்டி.

பட்டறைக்கு வந்தால் ஏனுக்குட்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான். சித்தி முகமூடியை இறக்கினால் இவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. வாய்க்குச் சட்டம் எதுவும் கிடையாது. அதனால் சுவரைப் பார்த்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஏன் அடியில மறுபடி மறுபடி பத்த வைக்கிற?"

"ஊசி முனை ஓட்டை கூட இருக்கக் கூடாதுடி. அதுதான் நம்ம பட்டறை வேலை."

"எவ்ளோ பெரிய ஓட்டையா இருந்தாலும் அடைச்சிருவியா?"

"பின்னே? டேங்கர் லாரி ஓட்டையையே அடைச்சவ நான்."

சித்தி மூடியைத் தூக்கி வைத்துக் கீலுக்கு வெல்டு வைத்தாள். வெல்டு வைக்க வேண்டியது அந்த ஒரு பக்கம் மட்டும்தான். மற்ற மூன்று பக்கமும் சும்மா விட வேண்டும், அப்போதுதான் மூடி திறக்கும்.

"அப்ப என் ஓட்டையையும் நீயே அடைச்சிரேன் சித்தி. ஏன் எல்லார்கிட்டயும் காசு கேக்கணும்? அப்பா அழுவுறாரு."

உலகத்தில் இருக்கிற தொட்டி, குழாய், டேங்க் எல்லாவற்றையும் அடைக்கிற கை, இந்த ஒரு ஓட்டைக்கு உதவாது என்று அந்தச் சின்ன முதுகிடம் சித்தி எப்படிச் சொல்வாள்? முகமூடியைத் தூக்கினால் குழந்தை திரும்பிப் பார்த்துவிடும், அழுகிற முகத்தைப் பார்த்துவிடும். அதனால் தூக்கவில்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, கை பாட்டுக்கு ஓடியது. இடைவெளியைக் கண்டால் அடைத்துப் பழகிய கை அது.

"சித்தி, ஏன் பேச மாட்டேங்குற?"

"வேலை செய்யுறேன்ல. சுவரைப் பாரு."

அன்று மாலையே பிசிறைத் தேய்த்து, வழவழவென்று ஆக்கி, நீலப் பெயின்ட் அடித்து, கொண்டியில் ஒரு பெரிய பூட்டையும் தொங்கவிட்டாள். கண் என்னவோ பெட்டியைத்தான் பார்த்தது. மனசு அந்தக் கேள்வியைவிட்டு நகரவே இல்லை.

ஞாயிறு விடிந்தது பாருங்கள், தெருவுக்கு அன்று கல்யாணக் களை! எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. ஜனம் குவிந்துவிட்டது. தையக்காரம்மா மெஷினைத் தூக்கி வாசலில் போட்டு, கிழிந்த பை, கழன்ற பட்டன், ஜிப் போன பேன்ட் என்று வாங்கி வாங்கித் தைத்துத் தள்ளினாள். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் இல்லாத சைக்கிளுக்கும் காற்றடித்து அனுப்பினார். டீக்கடையில் பால் தீர்ந்து இரண்டாவது தடவை வாங்கி வந்தார்கள். தெரு நடுவில் ஸ்டாண்டின் மேல் நீல உண்டியல், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் வாய்க்குள் நோட்டு போய்க்கொண்டே இருந்தது.

சலூன்காரர் முதல் தலையாகக் கண்டக்டரையே பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். டப்பா விஷயத்துக்குச் சமாதானம். பாதி வெட்டுவதற்குள் தெருமுனையில் ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்க, கண்டக்டர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓடிவிட்டார். "இப்படி வாங்க! முன்னாடி போங்க, முன்னாடி நிறைய இடம் இருக்கு!" என்று விசிலடித்துக்கொண்டு அன்று முழுக்கப் பாதித் தலையோடுதான் திரிந்தார்.

லாண்ட்ரியின் ஷட்டர் மட்டும் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நிற்காமல் கேட்டது. மாடி ஜன்னலில் ஏனுக்குட்டி உட்கார்ந்து தெருவுக்கு ராணி மாதிரி கையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒவ்வொரு தடவை கையாட்டும்போதும் சித்திக்கு நெஞ்சு பூரித்துப் போயிற்று. கிடைத்துவிடும், கட்டாயம் கிடைத்துவிடும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இனி ஒரு நோட்டுகூட நுழையாது என்று உண்டியலின் வாய் திணறத் தொடங்கியபோது கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

"எல்லாரும் வாங்க! திறக்கப் போறோம்! அப்புறம் என் மேல யாரும் பழி போடக் கூடாது!"

சித்தி சாவியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தாள். பூட்டு திறந்தது. கைதட்டினார்கள். கண்டக்டர் மூடியைப் பிடித்துத் தூக்கினார். மூடி அசையவில்லை. "பெயின்ட் ஒட்டியிருக்கும்" என்று சலூன்காரரும் ஒரு பக்கம் பிடித்தார். ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்க, மூடி எழுந்தது. கூடவே உண்டியலும் முழுசாக எழுந்தது.

சித்தி விரலை மூடியின் விளிம்பில் வைத்துச் சுற்றி ஓட்டினாள். கீல் பக்கம் வெல்டு. சரி. அடுத்த பக்கமும் வெல்டு. அதற்கடுத்த பக்கமும். நாலாவது பக்கத்தில் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் தையக்காரம்மா.

"பத்த வச்சிட்டேன்."

"எதை?"

"மூடியை. சுத்தி. நாலு பக்கமும்."

மாடி ஜன்னலிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது: "ஏன் சித்தி?"

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் அமளி! கவிழ்த்துக் குலுக்கினார்கள், வாய்க்குக் கீழே சித்தி வைத்த சரிவுத் தகடு ஒரு நோட்டைக்கூட வெளியே விடவில்லை. தையக்காரம்மா ஊசியில் நூல் கட்டித் தூண்டில் போட்டுப் பார்த்தாள். ட்ரில் போட்டார்கள், தகட்டின் கனத்துக்கு முனைதான் படக் படக்கென்று முறிந்தது. யானை மிதித்தாலும் நசுங்காது என்று சொன்னவள், சொன்னபடி செய்திருக்கிறாளே! சைக்கிள் கடைக்காரர் ஓடிப் போய்ப் பட்டறையிலிருந்து கட்டிங் மிஷினைத் தூக்கிவந்து பிளக்கைச் செருகினார். சித்தி பாய்ந்து பிடுங்கினாள்.

"ஐயோ, வேணாம்! பொறி உள்ள விழுந்தா அத்தனையும் சாம்பல்! உள்ள இருக்கிறது காகிதம்!"

"அப்ப என்னதான் செய்யுறது? கவுண்டர் மூடிருவானே!" என்று கண்டக்டர் தலையில் கைவைத்தார். கை வெட்டாத பக்கத்தில் பட்டது.

அக்கா படியிறங்கி வந்து நின்றாள். குழந்தையின் துணிப்பை கையில் இருந்தது; ஆஸ்பத்திரியில் சேர்க்க எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். தங்கையை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது சித்திக்கு. பாவி, சண்டாளி, உன் கையை உடைக்க என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஊரெல்லாம் சேர்ந்து கொடுத்த பணம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறது. குழந்தைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் அவள் வைத்த வெல்டு நிற்கிறது.

பொறி, நெருப்பு, சாம்பல் என்று மனசு சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் பெட்ரோல் டேங்க் ஞாபகத்துக்கு வந்தது. ஓட்டையான டேங்க் பட்டறைக்கு வந்தால் சித்தி முதலில் என்ன செய்வாள்? உள்ளே தங்கியிருக்கிற வாடை தீப்பிடிக்காமல் இருக்க, டேங்கில் தண்ணீரை நிரப்புவாள். அதற்குப் பிறகுதான் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவருவாள்.

"தண்ணி!" என்று கத்தினாள் சித்தி. "தண்ணி கொண்டாங்க! வாளி, குடம், எது கிடைச்சாலும்!"

"மயக்கமா வருதா?" என்று சலூன்காரர் ஒரு டம்ளரை நீட்டினார்.

"எனக்கில்லய்யா, உண்டியலுக்கு!"

புரிய வைக்க நேரமில்லை. ஆனால் தெருக்காரர்கள் ஏன் என்று கேட்கவும் இல்லை. வாளி வாளியாக வந்தது. உண்டியலின் வாயில் தையக்காரம்மா புனலை வைத்துப் பிடிக்க, சித்தி ஊற்றினாள். கண்டக்டர் கீழே குனிந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"அடேயப்பா, ஒரு சொட்டு கசியலையே! என்ன வேலைம்மா இது!"

"வாயை மூடுங்க" என்றாள் சித்தி. பெருமைப்படவா, வெட்கப்படவா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூடிக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நின்றது. நோட்டெல்லாம் ஊறி நனைந்துவிட்டது. இனிப் பொறி விழுந்தாலும் பற்றாது. சித்தி கைக்கு ரப்பர் உறையை மாட்டி, முகமூடியை இறக்கி, கட்டிங் மிஷினை வெல்டின் மேல் வைத்தாள். பொறி பறந்தது. உள்ளே விழுந்ததெல்லாம் சுர் சுர்ரென்று தண்ணீரில் செத்தது. ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம் பிரிந்ததும் சித்தி மிஷினை நிறுத்திவிட்டு, கடப்பாரையை நுழைத்து ஒரே நெம்பு நெம்பினாள். பூட்டைத் திறந்ததுமே திறந்திருக்க வேண்டிய மூடி, கீலில் கிறீச்சென்று திரும்பித் திறந்தது.

அப்போது ஜனம் போட்ட சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை அந்தத் தெரு அதுவரை கேட்டிருக்காது. விசில், கைதட்டல், சைக்கிள் மணி எல்லாம் சேர்ந்து காதைக் கிழித்தது. அப்புறம் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததும் சத்தம் அப்படியே அடங்கியது. உண்டியல் நிறைய நோட்டு, கசங்கி, ஒட்டி, சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா கவுண்டர்ல வாங்குவானா?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "எண்ணுற மிஷினுக்குள்ள போகாதே. காய வைக்க ரெண்டு நாள் ஆகுமே."

லாண்ட்ரியின் ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

அத்தான் வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேராக உண்டியலுக்கு வந்து, ஒரு நோட்டை எடுத்து, நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். துணி எவ்வளவு ஈரம் என்று பார்ப்பாரே, அதே மாதிரி.

"உள்ள கொண்டாங்க" என்றார். "ஈரம் என் வேலை."

மேஜையில் பழைய பருத்தித் துணியை விரித்தார்கள். சித்தி நோட்டுகளைப் பிரித்துப் பரப்ப, தையக்காரம்மா அதன் மேல் இன்னொரு துணியைப் போட, அத்தான் இஸ்திரிப் பெட்டியைச் சூடு குறைத்து மெல்ல மேலே ஓட்டினார். ஆவி புசுபுசுவென்று எழுந்தது. துணியைத் தூக்கினால் கீழே நோட்டெல்லாம் சட்டைக் காலர் மாதிரி விறைப்பாக இருந்தது.

"பாத்து, பழக்க தோஷத்துல கஞ்சி போட்டுடப் போறீங்க" என்றார் சலூன்காரர்.

அத்தான் சிரித்துவிட்டார்! எத்தனை வாரத்துக்கு அப்புறம் சிரிக்கிறார் என்று வாசலில் நின்ற அக்காவுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கையில் இருந்த நோட்டு ரொம்பச் சின்னது. எட்டாக மடித்து மடித்து, மடித்த இடமெல்லாம் நைந்துபோன நோட்டு. யாரோ எதற்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்தது. அத்தான் அதை விரித்து, மடிப்பு மடிப்பாக நீவினார்.

"யாரு போட்டது இது?" என்றார். "இவ்ளோ கஷ்டத்துல இருக்கிறவங்க எதுக்குப் போடணும்?"

போட்டவர் அந்தக் கூட்டத்திலேயேகூட நின்றிருக்கலாம்.

"என் மகளுக்காகப் போட்டிருக்காங்க" என்று அவரே சொன்னார். அவர் கண்ணீர் இஸ்திரிப் பெட்டியின் மேல் விழுந்து சுர்ரென்றது. "நான் உள்ள ஒளிஞ்சிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சிருங்கப்பா எல்லாரும்."

"மன்னிப்பெல்லாம் அப்புறம், கையை ஓட்டுங்க அத்தான்!" என்றாள் சித்தி. அப்படிச் சொல்லாவிட்டால் அவளும் அழுதிருப்பாள்.

கண்டக்டர் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிச் செருகி எண்ணினார். அந்த விரல்களின் வேகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்! கடைசிக் கட்டு முடிந்ததும் சித்தியின் முகத்தைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார். அந்த விசில் லாண்ட்ரிக் கூரையைத் தூக்கியது.

"போதும்! போதும்மா! கொஞ்சம் மிச்சம்கூட இருக்கு! வண்டியை எடுங்கடா! போலாம் ரைட்!"

ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கிய அந்த வேனிலேயே எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஏனுக்குட்டியை அத்தான் தூக்கிவந்து சித்தியின் மடியில் உட்காரவைத்தார். குழந்தையின் மடியில் நோட்டுப் பை.

"சித்தி, இது ஏன் சூடா இருக்கு?"

"உங்கப்பா தேய்ச்சதுடி."

வேன் இரண்டு திருப்பம் திரும்புகிற வரை ஏனுக்குட்டி பையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "நான் நேத்துக் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல. என் ஓட்டையை நீ ஏன் அடைக்க மாட்டே?" என்றாள்.

வேனில் எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டார்கள்.

"நான் பத்த வச்சது என்ன கதியாச்சுன்னு பாத்தேல்ல?" என்றாள் சித்தி. "தெருவே சேர்ந்தும் பிரிக்க முடியல. உன்கிட்ட அப்படிக் கைவச்சா சரிப்படுமா? இதுக்குன்னே படிச்ச டாக்டர் இருக்காங்க. அவங்களும் நம்ம மாதிரி அடைக்கிறவங்கதான். ஆனா ரொம்ப மெல்லிசா, வலிக்காம அடைப்பாங்க."

"உன்னைவிடக் கெட்டிக்காரங்களா?"

"என்னைவிட" என்றாள் சித்தி. தொழில் விஷயத்தில் இன்னொருவரை அவள் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கவுண்டர்க்காரி கண்ணாடி ஜன்னலைச் சாத்தக் கையை வைத்திருந்தாள். கண்டக்டர் தலையை உள்ளே நீட்டிவிட்டார். வெட்டிய பாதியும் வெட்டாத பாதியுமாக அந்தத் தலையைப் பார்த்து அவள் ஒரு நிமிஷம் பயந்தேவிட்டாள். அப்புறம் பையை வாங்கினாள். கட்டைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்ன இது? நோட்டு சூடா இருக்கு! ஒரு மடிப்பு இல்ல, கசங்கல் இல்ல..." அவள் பாதித் தலையையும், சித்தியின் கரி பிடித்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கங்க அச்சடிச்சீங்க?"

"ஐயையோ, அச்சடிக்கலம்மா, தேய்ச்சோம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

நோட்டு ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டு தடவை மிஷினில் ஓட்டி, கடைசியில் ரசீதில் முத்திரையைக் குத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் அக்கா மூச்சே விட்டாள்.

மறுநாள் காலை குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடுகிற வரை அவள் யாரிடமோ "ஏன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா ஒரு மூலை, அத்தான் ஒரு மூலை. கண்டக்டர் நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். சித்திக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. செய்ய வேலை இல்லாத கை அவளுக்குப் பழக்கமில்லை.

கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். முகத்தில் கட்டியிருந்ததைக் கழற்றினார்.

"நல்லபடியா முடிஞ்சது. ஓட்டையை அடைச்சாச்சு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் கைகூப்பினார். கண்டக்டர் விசிலை வாய் வரைக்கும் கொண்டுபோய், நர்ஸ் முறைத்ததும் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். சித்தி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"டாக்டர், கசியுதான்னு பாத்தீங்களா?"

"அடி ஆத்தா, யார்கிட்ட என்ன கேக்குற!" என்று பதறினார் கண்டக்டர்.

டாக்டரம்மா சித்தியைப் பார்த்தார். அவள் கையில் பொறி பட்டுப் பட்டு விழுந்த தழும்புகளைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை செய்யுறீங்க?"

"வெல்டிங்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: "பாத்தேம்மா. அடைச்சு முடிச்சதும் ரத்தத்தை ஓட விட்டு, ஸ்கேன் வச்சுச் சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு சொட்டு கசியல."

சித்தியின் கை நெற்றிக்குப் போனது, முகமூடியை இறக்க. அங்கே முகமூடி இல்லை. அவள் அத்தனை பேரும் பார்க்க, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள்.